யூகேஜி பிள்ளைக்கு 'சயின்ஸ் கிட்' விற்க வீட்டுக்கு வருபவர்கள்: கொஞ்சம் உஷார்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் பள்ளி வாசல்களில் எங்களை ஏமாற்றிய கம்பெனியின் துண்டறிக்கையை மறுபடியும் கொடுக்கிறார்களாம். 'நான்கு முதல் எட்டு வயது வரை, இலவச அறிவியல் திறன் தேர்வு'. அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தவிர, பெயரை மாற்றிக்கொண்டு வருவது இவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. இவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும்.

நான் என் மகளை அழைத்துப்போன தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளுக்குப் படம் பொருத்தும் தாள் ஒன்று, பெற்றோருக்குப் படிவம் ஒன்று. படிவத்தில் கணவரின் வேலை, மாதச் சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா என்றெல்லாம் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் அறிவியல் திறனுக்கும் வீட்டு வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டார். 'சிஸ்டம் கேக்குது மேடம்' என்றார்கள்.

அடுத்த வாரம் டை கட்டிய ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். கணவர் துறைமுகத்தில் ஷிப்டில் இருக்கும் நேரம். கையில் வண்ண வண்ணமாக ஒரு ரிப்போர்ட். 'மேடம், பாப்பாவுக்கு கியூரியாசிட்டி ஹை. ஆனா லாஜிக்கல் திங்கிங் வீக். இப்பவே பிடிச்சா சரி பண்ணிடலாம், ஏழு வயசுக்கு மேல கஷ்டம்.' என் மாமியார் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'அஞ்சு வயசுல என்னப்பா லாஜிக்கு? அது இன்னும் செருப்பையே மாத்தித்தான் போடுது' என்றார். அந்தப் பையன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான். பிறகு அதே தேர்வுக்கு வந்த மற்ற இரண்டு வீட்டு ரிப்போர்ட்டுகளோடு எங்களுடையதை வைத்துப் பார்த்தோம். பெயர் மட்டும்தான் வேறு. மூன்று பிள்ளைகளுக்கும் கியூரியாசிட்டி ஹை, மூன்று பேருக்கும் லாஜிக் வீக்!

மாதம் ஒரு பெட்டி, கூடவே செல்போனில் வீடியோ பாடம், ஒரு வருடத்துக்கு 42,000 ரூபாய். 'மாசம் 3,500 கட்டினா போதும். பெட்டி பிடிக்கலைன்னா 7 நாள்ல கேன்சல்.' ஆதார், பான், ஒரு செல்ஃபி எல்லாம் 'பாப்பாவோட ரெஜிஸ்ட்ரேஷனுக்கு'. அப்புறம் போனுக்கு வந்த ஓடிபி 'டெலிவரி கன்ஃபர்ம் பண்ண'.

உண்மையில் நடந்தது வேறு. முதல் 3,500 நேராக அவர்களுக்குப் போனது. மீதி 38,500 ரூபாய்க்கு ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் போட்டு, அதை மொத்தமாக அப்போதே வாங்கிக்கொண்டார்கள். பதினோரு மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கவும் அந்த ஓடிபியே அனுமதி. பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் தவணை போகும். முதல் பெட்டி வந்தபோது அந்த 7 நாள் முடிந்திருந்தது. 7 நாள் பெட்டி வந்த தேதியிலிருந்து இல்லையாம், ரெஜிஸ்ட்ரேஷன் தேதியிலிருந்தாம். தாமதமாக அனுப்புவதே திட்டம் என்பது என் கருத்து.

சரி, பெட்டியாவது உருப்படியா என்றால் அதுதான் பெரிய கொடுமை. மேலே '5+' என்று ஒரு ஸ்டிக்கர். ஓரம் பெயர்ந்திருந்ததால் உரித்துப் பார்த்தேன், அடியில் '8+' என்று அச்சாகியிருந்தது. உள்ளே குட்டிக் குட்டியாக உருண்டைக் காந்தங்கள், கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற பட்டன் பேட்டரி, பெயர் ஒட்டாத ஒரு வெள்ளைப் பொடி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு காந்தங்களை முழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்க ஆரம்பித்துவிடும். பிள்ளை முழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடத் தயாரிப்பவை எல்லாம் இதில் வரும். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்திய தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். எங்கள் பெட்டியில் முத்திரையே இல்லை. அதற்குப் பதில் 'நாசா அங்கீகாரம் பெற்றது' என்று ராக்கெட் படம். நாசா எந்த வியாபாரப் பொருளுக்கும் சிபாரிசு தருவதில்லை. அப்படிப் போட்டிருந்தாலே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கூட வந்த சார்ட்டைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கிரகங்கள் ஒன்பது. புளூட்டோவை 2006இலேயே குறுங்கோள் என்று தனியாகப் பிரித்தாயிற்று. நாக்குப் படத்தில் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு. இது தவறென்று எப்போதோ தெரிந்துவிட்டது, எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். பாகற்காய்க் குழம்பை நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் பாப்பாவே சொல்லிவிடுவாள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடைக்காலம் வருகிறது என்று இன்னொரு பக்கம். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் இருக்கும்போது. கோடைக்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. சின்னப் பிள்ளைகளுக்கான எந்த அறிவியல் பொருளையும் வாங்கும் முன் இந்த மூன்று விஷயத்தையும் புரட்டிப் பாருங்கள். இதிலேயே தவறு என்றால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை.

இந்த வயதுக்குத் தேவையானது வீட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் கரைசலில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். என் மகள் இதை ஒரு வாரம் விடாமல் செய்து தரையையே பாழாக்கினாள். காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிக் காட்டுவார்களே, மீன் மூச்சுவிடுவது எப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் தலைக்கு மேலே வரும். மொட்டை மாடியில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் நிழல் அடியில் ஒளிந்துவிடும். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் இணையதளமும் இலவசம்தான்.

இனி, ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு. கால் சென்டரோடு கத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்கும் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் போடுங்கள். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'இலவசம்' என்று இழுத்துத் தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு அனுமதி வாங்கிவிடுகிறார்கள் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்திருக்கிறது. அந்த அறிக்கையையும் புகாரோடு இணைத்தேன். வங்கிக்குப் போய்த் தவணையை நிறுத்துவது மட்டும் போதாது. கடன் பாக்கி அப்படியே நிற்கும், நாளைக்கு வேறு கடன் கேட்டால் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். அதனால் கடனையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில் ரிசர்வ் வங்கிக்குப் புகார் போன பிறகுதான் மீதித் தவணைகளை ரத்து செய்தார்கள். அதுவரை கட்டிய பணம் வரவில்லை. வழக்கு என்றால் டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, அதைக் காட்டி மிரட்டினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரே குறை உள்ளவர்கள் சேர்ந்து போடவும் வழி உண்டு என்கிறார்கள். உங்கள் வீட்டிலும் லாஜிக் வீக் ரிப்போர்ட் ஒன்று கிடந்தால் கீழே சொல்லுங்கள். அந்தப் பையனோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழித்துவிடாதீர்கள்.