மின்சாரம் போனால் நிற்பதா, வந்தால் நிற்பதா?

கடலூரில் உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் வளாகத்தில் ஓர் இரசாயன ஆலைக்கு அவசர நிறுத்த அமைப்பை வடிவமைப்பவர், முதலில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வழியில், சோலனாய்டு வால்வின் (மின்காந்தச் சுருளால் இயங்கும் வால்வு) சுருளில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இரண்டாவது வழியில், ஆபத்து நேரும்போதுதான் சுருளுக்கு மின்சாரம் செல்லும்.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது உப்புக்காற்றுதான். கம்பிகள் இணையும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் புகுந்து டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறி இணைப்பு அறுந்துபோனால், முதல் வழியில் ஆலை உடனே நின்று, பழுதைத் தானே தெரிவித்துவிடும். இரண்டாவது வழியிலோ அதே பழுது மாதக்கணக்கில் மறைந்திருந்து, பொத்தானை அழுத்தும் அன்றுதான் வெளிப்படும்.

முதல் வழியிலும் குறை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தது போன்ற நாட்களை விடுங்கள். சாதாரண மழைக்காலத்து மின்தடையிலும் ஆலை தேவையின்றி நிற்கும். அதன்பின் மீண்டும் இயக்கும் நேரம், நிறுத்தும் நேரத்தைவிட ஆபத்தானதாக இருக்கக்கூடும். ஆனால் இதற்கு 24 வோல்ட் மின்வழங்கலை இரட்டையாக்கி பேட்டரி வைப்பதும், மூன்று உணரிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டுமே நிறுத்துவதும் போதுமான மருந்து என்பதால், நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

ஒரு விலக்கு உண்டு. ஆட்கள் நுழையும் அறையில் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சித் தீயணைக்கும் அமைப்பு, ஒரு கம்பி அறுந்ததற்காகத் திறந்துகொண்டால் உயிரே போகும். அங்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் ஆலைகளின் பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஐஇசி 61511 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பதுபோல, கம்பியின் முனையில் மின்தடையத்தை (ரெசிஸ்டர்) இணைத்து, சுற்று அறுந்திருக்கிறதா என்று இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும்.

நிறுத்த முடிவை எடுப்பது ரிலேயா (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பாதுகாப்பு பிஎல்சியா (நிரல்வழி இயங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) என்ற வழக்கமான விவாதம் இதற்குப் பிந்தியது: நாலைந்து டிரிப்புகளுக்கு (தானியங்கி நிறுத்தங்களுக்கு) ரிலே போதும், பல டிரிப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் பிஎல்சி.

எந்த வழியானாலும், சிவப்புப் பொத்தான் அனைத்தையும் அணைத்துவிடக் கூடாது. வெப்பம் உமிழும் வினை நடக்கும் கலனில் கலக்கியும் குளிர்நீரும் நின்றால், நிறுத்தமே விபத்தாகும். ஆகவே வால்வுகளை இயக்கும் அழுத்தக் காற்றான கருவிக்காற்று போனால் மூலப்பொருள் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். குளிர்நீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும். கலக்கியும் குளிர்நீர் பம்பும் டீசல் ஜெனரேட்டரின் இணைப்பில் இருக்க வேண்டும்.