நகைக்கடன் கம்பெனியில் ஆறு வருஷம்: சேரப்போகிறவர்களுக்கு

சித்தி மகள் பி.காம். முடித்துவிட்டாள். நான் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறாள். "எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். போனில் ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து எழுதுகிறேன், அவளைப் போல வேறு யாருக்காவது உதவும்.

பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நகைக்கடன் நிறுவனம். பெயர் வேண்டாம். மன்னார்குடி பக்கத்துக் கிளை ஒன்றில் 2018 ஜூனில் ஜூனியராகச் சேர்ந்தேன், 2024 ஆகஸ்டில் விட்டேன்.

சம்பளம்: சேரும்போது கைக்கு 12,400 ரூபாய், விடும்போது 23,000. ஆறு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. கொரோனா ஊரடங்கில் கிளை மூடிக் கிடந்த நாட்களிலும் வந்தது, அப்போது எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் வருமானம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டினார்கள். மகன் பிறந்தபோது 26 வார விடுப்பு முழுசாகக் கிடைத்தது. என்னோடு படித்தவர்கள் ஜவுளிக்கடையிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் இருந்தார்கள், அவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது.

வேலையையும் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கம் பார்ப்பது என்பது ஒரு கைத்தொழில். உரைகல்லில் தேய்த்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட வேண்டும். தங்கம் என்றால் கோடு அப்படியே நிற்கும், செம்பு என்றால் பச்சையாகப் பொங்கி அழிந்துவிடும். ஆனால் மேலே கனமாகத் தங்கம் ஏற்றிய சங்கிலி உரைகல்லையே ஏமாற்றிவிடும். எங்கள் கிளையில் இருந்த மூத்தவர் சங்கிலியைக் கையில் வாங்கியதும் கொக்கியைப் பார்ப்பார், அப்புறம் வளையமும் வளையமும் உரசும் இடத்தைப் பார்ப்பார். "மேல்பூச்சு முதல்ல தேயுறது அங்கதாம்மா" என்பார். கல் எடை, அரக்கு எடை, அழுக்கு எடை கழிப்பதெல்லாம் அவரிடம் கற்றதுதான். இன்றைக்கும் நகைக்கடையில் யாரும் என்னிடம் சேதாரக் கணக்கில் விளையாட முடியாது.

லீவு விஷயத்தில்தான் சிக்கல். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி: ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று ஒரு ஊழியரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். இரண்டாம் வருஷமே அந்தச் சாவி என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து காய்ச்சல் வந்தாலும் போயாக வேண்டும். சாவியை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் அடகு நகை பாக்கெட் எல்லாவற்றையும் எண்ணி, ரெஜிஸ்டரில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கிளையில் மொத்தம் மூன்றே பேர். என் தாத்தா இறந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பதினொன்றரை ஆகிவிட்டது. போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

டார்கெட் பற்றிச் சேருவதற்கு முன் யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். கடன் கொடுத்தால் மட்டும் போதாது, மார்ச் 31 அன்று கிளையில் நிலுவையில் நிற்கும் மொத்த நகைக்கடன் போன வருஷத்தைவிட ஏறியிருக்க வேண்டும். நான்கு மார்ச்சில் அம்மாவின் ஆரத்தை 30-ம் தேதி என் கிளையிலேயே அடகு வைத்து, ஏப்ரல் முதல் வாரம் திருப்பியிருக்கிறேன். வட்டி என் கைக்காசு. யாரும் வை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாலை ஆறு மணி கான்ஃபரன்ஸ் காலில் கிளை கிளையாகப் பெயர் வாசிக்கும்போது ஏரியா மேனேஜர் எப்படிப் பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். இது தப்பு. சம்பளம் கொடுக்கிற இடம் அந்தச் சம்பளத்திலிருந்தே வட்டி வாங்கக் கூடாது.

வாடிக்கையாளர் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் சவரன் 43 ஆயிரத்தைத் தாண்டியது. ஊர் முழுக்க நகை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும் ஓர் அக்கா, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த கணவர் ஊரடங்கில் திரும்பிவிட்டார், சம்பா உழவுக்குப் பணம் வேண்டும். கழுத்தில் கிடந்த தாலிச் சங்கிலியைத் தவிர வேறு நகை இல்லை. பெட்டிக்கடையில் வாங்கிய மஞ்சள் கயிற்றோடு வந்திருந்தார். உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். முதலில் ஒரு கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று. பிறகு சங்கிலியைக் கழற்றி, தாலியையும் குண்டையும் உருவி இன்னொரு கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். சங்கிலி 24 கிராம். எடை போடும்போது தராசைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுப்பு முடிஞ்சதும் திருப்பிடுவேன் பாப்பா."

எங்களைப் போன்ற கம்பெனிகள் தங்கத்தின் 30 நாள் சராசரி விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அந்த எல்லையைத் தொட்டுக் கொடுக்கும் திட்டத்துக்குத்தான் எங்களுக்கு டார்கெட், வட்டியும் அதில்தான் அதிகம். அக்காவுக்கு அதைத்தான் போட்டேன். குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் மழை கொட்டி டெல்டாவில் கதிர் சாய்ந்தது. மார்ச்சில் சவரன் 34 ஆயிரத்துக்குக் கிட்டே இறங்கிவிட்டது. வட்டி ஏறிக்கொண்டே போக, நகையின் மதிப்பு கடனை நெருங்கியது. அவர் கணக்கு ஏலப் பட்டியலில் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிடச் சொல்லி உத்தரவு. கூப்பிட்டேன். "சட்டசபைல ஆறு சவரன் வரைக்கும் தள்ளுபடின்னு சொன்னாங்களே, இங்க கிடையாதா பாப்பா?" என்று கேட்டார். அந்த பிப்ரவரியில் வந்த அறிவிப்பு கூட்டுறவுக் கடனுக்கு மட்டும்தான். அதே மூன்று சவரனைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்தால் அவருக்கு வழி இருந்திருக்கும். இங்கே அன்றைக்கே பணம் கிடைக்கும் என்றுதான் வந்தார்.

சங்கிலி ஏலம் போனது. கடனும் வட்டியும் போக 1,840 ரூபாய் மிஞ்சியது. அது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணம், ஆனால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட யாருக்கும் டார்கெட் கிடையாது. நான் கூப்பிட்டேன். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "சங்கிலி யாரு எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள், மாதா மாதம் வட்டியைக் கட்டிவிடுங்கள் என்று சொன்னேன். என் எண்ணிக்கை குறைந்தது, இன்சென்டிவ் நின்றது. வட்டியைக் கட்டி வந்தவர்கள் பெரும்பாலும் நகையைத் திருப்பினார்கள். தை மாதம் பாக்கெட்டைப் பிரித்து நகையைக் கையில் கொடுக்கும்போது சிலர் அங்கேயே நின்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

விடும்போது கடைசி அடிப்படைச் சம்பளம் 14,300. பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு: அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு வருஷம், 49,500 ரூபாய். 30 நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம். எனக்கு நான்கு மாதமும் ஒன்பது மெயிலும் ஆனது.

தங்கச்சி, போ. முதல் இரண்டு வருஷம் தங்கம் பார்க்கக் கற்றுக்கொள், வேறு எங்கேயும் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தர மாட்டார்கள். அம்மா நகையைக் கிளைக்குக் கொண்டுபோகாதே. இன்டர்வியூவில் எந்தக் கிளை என்று கேட்டுக்கொள், அங்கே எத்தனை பேர் என்றும் கேள். மூன்று பேர்தான் என்றால் வேறு கிளை கேட்டுப் பார்.