மூன்று வருடம் எக்செல் ஓடிய லேப்டாப்: எல்லாம் சரி, அந்த 4 மட்டும்

போன வாரம்தான் கீபோர்டு மாற்றி வாங்கி வந்தேன். அன்றைக்கே மச்சினன் போன் செய்தான். புதிதாக நூல் ஏஜென்சி ஆரம்பிக்கிறான். "மாமா, நாள் முழுக்க எக்செல்தானுங்க வேலை. உங்க லேப்டாப்பையே வாங்கிடட்டுங்களா? இப்ப ஆறாயிரம் விலை குறைஞ்சிருக்குது" என்றான். யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டபோது ஒழுங்காகப் பதில் வரவில்லை. அந்த லேப்டாப்பைப் பற்றி நல்லதாகச் சொல்லத்தான் என்னிடம் நிறைய இருக்கிறது. அதனால் எழுதியே சொல்கிறேன்.

2022 ஆயுத பூஜை சமயத்தில் 54,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்டெல் ஐ5-1235யு, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் திரை. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை இந்த விலையில் வரும் பல லேப்டாப்களில் உண்டு.

திருப்பூரில் ஐந்தாறு சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி போர்ட்டல், எக்செல் மூன்றும் காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். மாதம் 14-ம் தேதி 2பி (விற்றவர்கள் போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும், 20-ம் தேதிக்குள் 3பி, அதாவது மாத ஜிஎஸ்டி கணக்கு, போட வேண்டும். நிட்டிங்காரர் ஒரு மாதிரி பில் நம்பர் எழுதுவார், சாயப்பட்டறையில் வேறு மாதிரி. பில்லில் 0123 என்று இருக்கும், போர்ட்டலில் 123 என்று ஏற்றியிருப்பார்கள். இதையெல்லாம் பொருத்திப் பார்க்க ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். எல்லா பார்ட்டியும் சேர்த்து 60,000 வரிசைக்கு மேல் போகும், நாலு நெடுவரிசையில் விலுக்அப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா).

வாங்கப் போனபோது கடைக்காரர் 78,000 ரூபாய் கேமிங் லேப்டாப்பைத்தான் காட்டினார். பெரிய எக்செல் என்றால் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார். எக்செல் கணக்குப் போடுவதற்கு கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை. வேலை முழுக்க பிராசஸருக்கும் ராமுக்கும்தான். 24,000 ரூபாய் மிச்சம் பண்ணியதில் இன்று வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ராம்தான் முதலில் இடித்தது. 8 ஜிபியில் டேலியும் பத்து பிரவுசர் டேபும் இந்த ஷீட்டும் சேர்ந்தால் டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். கீழ் மூடியைக் கழற்றினால் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. அடுத்த மார்ச்சில் 2,000 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி போட்டேன். வருடக் கடைசி வேலை தடங்கலில்லாமல் முடிந்தது. இந்த லேப்டாப்பில் நான் மனசாரப் பாராட்டுவது அந்தக் காலி ஸ்லாட்டைத்தான். இப்போது வரும் மெலிசான மாடல்கள் பலவற்றில் ராமை போர்டோடு சால்டர் பண்ணிவிடுகிறார்கள், பின்னால் ஒன்றும் சேர்க்க முடியாது.

16 ஜிபி போட்ட பிறகும் சில நாள் "மெமரி போதவில்லை" என்று எக்செல் நின்றது. லேப்டாப்பைத்தான் திட்டினேன். தப்பு அதன் மேல் இல்லை. எக்செல்லோடு சேர்த்து ஓடும் ஒரு பழைய துணை புரோகிராமுக்காக (ஆட்-இன்) நான் 32-பிட் ஆபீஸைப் போட்டு வைத்திருந்தேன். அது எவ்வளவு ராம் இருந்தாலும் 2 ஜிபி, அதிகம் போனால் 4 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும். ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் என்று போனால் 32-ஆ 64-ஆ என்று எழுதியிருக்கும். 64-பிட் மாற்றினேன். கூடவே, முழு நெடுவரிசையையும் தேடச் சொல்லியிருந்த விலுக்அப்களை, டேட்டா இருக்கிற வரிசை வரைக்கும் என்று சுருக்கினேன். மூன்று நிமிடம் சுற்றிக்கொண்டிருந்த ஷீட் இருபது நொடிக்குள் வந்துவிட்டது. இதற்குப் பைசா செலவில்லை. புது லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், வாங்கவே வேண்டியிருக்காது.

பேட்டரியும் நல்லது. மாதாந்திர மின்தடை அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் முதல் வருடம் மதியம் இரண்டு வரை தாங்கும். இப்போது மூன்று மணி நேரம். சரி, வயசாகிவிட்டது.

இனி அந்த 4.

15.6 இன்ச்சில் நம்பர் பேடு இருக்கிறது என்பதற்காகத்தான் இதை வாங்கினேன். இருக்கிறது, ஆனால் ஓரத்தில் திணித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கீகளைவிட அகலம் குறைவு, 0 ஒற்றைக் கீ அளவுதான், என்டர் ஒரு விரல் நுனி. 5-ன் மேல் இருக்கும் சின்ன மேட்டைத் தடவிப் பார்த்துக் கையை வைத்துவிட்டால் நான் கீழே பார்க்கவே மாட்டேன், கண் பில்லில் இருக்கும். முதல் இரண்டு வருடம் பழகிப்போய் ஓடியது. மூன்றாவது வருடம் 4 இரண்டாக அடிக்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, முப்பது நாற்பது தடவைக்கு ஒரு தடவை.

ஜூலை 19 ராத்திரி. ஒரு பார்ட்டியின் லாரி வாடகை ரசீதுகள், 186 துண்டுச் சீட்டு. லாரி வாடகைக்குப் பெரும்பாலும் வாங்குபவரே 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், அதனால் இந்தக் கூட்டல் தப்பினால் 3பியும் தப்பும். ஏற்றி முடித்தபோது அவர்கள் கொடுத்த கூட்டலுக்கும் என் ஷீட்டுக்கும் 13,000 வித்தியாசம். எங்கள் தொழிலில் முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் போனால் எண்ணை இடம் மாற்றி அடித்திருக்க வாய்ப்பு அதிகம், 54-ஐ 45 என்று அடித்த மாதிரி. கால்குலேட்டரில் 1,444.44 என்று வந்தது. அப்படியானால் அது இல்லை. அடுத்து பாதி, 6,500. அந்தத் தொகையில் ஏதாவது ரசீது கழிக்க வேண்டிய பக்கம் போயிருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை. 13,000-க்கு ஒரு ரசீதும் இல்லை. கடைசியில் 186-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிக்கொண்டு வந்தேன். மஞ்சள் தாளில் நீல மையில் தெளிவாக 1,440 என்று எழுதியிருந்தது. ஷீட்டில் 14,440. இரண்டு மணி நேரம் போயிருந்தது.

ஒரு கீ செத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். இரண்டாக அடிக்கிற கீ சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும். அன்றைக்குக் கூட்டல் சீட்டு இருந்ததால் பிடித்தேன். கூட்டல் இல்லாமல் வந்த எத்தனை கட்டுகளை அந்த 4-ஐ வைத்து ஏற்றினேன் என்ற பயம் இன்னும் போகவில்லை. மூன்று மாத பேப்பர்களைத் திரும்ப எடுத்து 4 வரும் தொகைகளை எல்லாம் சரிபார்த்தேன்.

சர்வீஸ் சென்டரில் கீபோர்டு தனியாக வராது என்றார்கள். மேல் பாகம் முழுசாக மாற்ற வேண்டும், 8,900 ரூபாய், பத்து நாள். ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். அந்தத் தம்பி என் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். ஸ்குரூவே கிடையாது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கித்தான் கீபோர்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிளேடால் சீவி எடுத்தார், புதுசை வைத்து சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டினார். 2,600 ரூபாய். வேலை சுத்தம், ஆனால் ஜி, ஹெச் பக்கம் அழுத்தினால் இப்போது லேசாக அமுங்குகிறது.

நியாயமாகப் பார்த்தால் மூன்று வருடத்தில் அந்த 4-ஐ எத்தனை லட்சம் தடவை தட்டியிருப்பேனோ, தேய்ந்துதான் போகும். ஆனால் தேயும் என்று தெரிந்த பொருளை மாற்ற முடியாதபடி உருக்கி ஒட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பழைய டெஸ்க்டாப் கீபோர்டு 500 ரூபாய், ஏழு வருடம் உழைத்தது.

அதனால் மச்சினனுக்கு: 14 இன்ச் வாங்கு, நம்பர் பேடே வேண்டாம். 700 ரூபாய்க்கு தனி யுஎஸ்பி நம்பர் பேடு வாங்கிக்கொள், கெட்டால் தூக்கிப்போட்டு வேறு வாங்கலாம். திரை 1920 x 1200 பிக்சலாக இருந்தால் நல்லது. சாதாரண 1920 x 1080-ஐவிட 120 பிக்சல் உயரம் அதிகம், எக்செல்லில் ஒரு வரிசை 20 பிக்சல், அப்போது 100 சதவீதத்தில் ஆறு வரிசை கூடத் தெரியும். ஏஎம்டி ரைசன் பிராசஸர் 7000 வரிசை என்றால் நம்பரின் மூன்றாவது இலக்கத்தைப் பார். 7520யு என்பதைப் புதுசு என்று நினைத்துவிடாதே, அந்த 2 என்பது 2019-ல் வந்த ஜென் 2 என்ற பழைய டிசைன். 7530 என்றால் ஜென் 3. அப்புறம், பில்லைக் கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி நம்பரோடு வாங்கு. நான் கொடுத்த 54,000-ல் 8,237 ரூபாய் வரி, அந்த மாதிரி வரியை கிரெடிட் எடுக்கலாம், அதாவது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் போடக் கூடாது.

ஆறாயிரம் குறைந்தாலும் என் மாடல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நானும் வருகிறேன். ஐம்பது பில்லைக் கட்டாக எடுத்து வா. டெமோ லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்து அதை முழுசாக ஏற்றிப் பார்த்த பிறகு பணம் கொடுப்போம்.