கொத்துரொட்டிக்கு முன் ஓர் இலைப்பொதி

கொழும்புக்கு வரும் உறவினர்களை முதல் நாள் இரவே கொத்துரொட்டிக் கடைக்கு அழைத்துச் செல்வது வெள்ளவத்தை வீடுகளில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. காலி வீதியில் நடந்தாலே இரும்புத் தட்டில் தகடுகள் மோதும் ஓசை காதில் விழுமாதலால், அதற்கு யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சின்னம்மாவை இம்முறை துன்முல்லைச் சந்திக்கு அருகிலுள்ள டச்சு பேர்கர் யூனியனுக்கு அழைத்துச் சென்றேன். இலங்கையில் குடியேறிய ஒல்லாந்தரின் வழிவந்தவர்களான ஒல்லாந்தப் பறங்கியர் 1908ஆம் ஆண்டில் அமைத்த சங்கம் அது. அங்கே லம்பிரைஸ் கிடைக்கும்.

பொதியைக் கண்டதும், "இது எங்கட சோத்துப் பார்சல்தானே?" என்றார் சின்னம்மா. பார்வைக்கு அப்படித்தான். சோற்றுப் பார்சலைக் கட்டியவுடன் உண்டுவிடலாம்; லம்பிரைஸைக் கட்டிய பிறகும் ஒருமுறை போறணையில் வைத்து எடுக்க வேண்டும். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சம்பாச் சோற்றின் மேல் இறைச்சிக் கறி, பிரிக்கடெல் எனப்படும் பொரித்த இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், உலர்ந்த இறாலை இடித்துச் செய்யும் பிளாச்சான் ஆகியவற்றை வைத்து, வாட்டிய வாழையிலையில் மடித்துவிடுகிறார்கள். எங்கள் பொதியைப் பிரித்தபோது இலையின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. மோஜுவின் எண்ணெய் இறங்கிய பக்கத்தில் சோறு கருஞ்சிவப்பாகி இலையோடு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிடாமல், ஒவ்வொரு பிடிக்கும் பிளாச்சானில் ஒரு கிள்ளு சேர்த்து உண்பதே என் வழக்கம். இலையில் ஒட்டிய சோற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன்.

கொழும்பை 1656 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமையகம் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்தது. அதனால்தானோ என்னவோ, பிரிக்கடெல் ஒல்லாந்தருடையதாகவும் பிளாச்சான் மலாய்ப் பெயருடையதாகவும் இருக்க, இரண்டும் நம் கறியோடு ஒரே இலைக்குள் அடங்குகின்றன.

இன்னொரு கடையில் இதே பெயரில் எனக்குக் கிடைத்தது மஞ்சள் சோறு, பொரித்த முட்டை, ஒரு கோழிக்கால். இலை பச்சையாகவே இருந்தது. போறணையின் வாடையே அதில் இல்லை. முட்டை வைப்பதைப் பழைய முறையில் சமைக்கும் பறங்கியர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்தப் பழைய முறையில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேரும் என்பதால், அவற்றைத் தவிர்ப்பவர்கள் கேட்டறிந்தே வாங்க வேண்டும். கோழியிலும் மரக்கறியிலும் செய்வதும் உண்டு. மாட்டிறைச்சி உண்ணாத சின்னம்மா கோழியைத்தான் எடுத்தார்.

மலாயருடைய கைப்பக்குவத்தைத் தனியே சுவைக்க விரும்புவோர் கொம்பனித்தெருவில் பிட்டும் பாபத்தும் தேடலாம். பாபத் என்பது ஆட்டின் அல்லது மாட்டின் குடற்கறி; எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். வட்டிலப்பத்துக்கு அந்தத் தயக்கமே வேண்டாம். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து ஆவியில் அவிக்கும் அந்த இனிப்பு முஸ்லிம் வீடுகளின் பெருநாள் பண்டம். இரவில் புதுக்கடைப் பக்கம் போனால் எந்த நாளும் உண்ணலாம்.

காலிமுகத்திடலின் இறால் வடையில் எனக்குள்ள குறை ஒன்றே: தள்ளுவண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் ஆறியவை. ஓட்டோடு பதித்த இறால் சூடாக இருக்கும்போதுதான் மொறுமொறுப்பாகக் கடிபடும். ஆறிவிட்டால் ஓடு பல்லிடுக்கில் சிக்கும். புதிதாகப் பொரித்துத் தரச் சொன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், கடற்காற்றில் அது ஒரு பாரமில்லை.

சின்னம்மா ஊர் திரும்பும்போது இரண்டு லம்பிரைஸ் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் இலையைப் பிரிக்காமல் ஆவியில் வைத்துச் சூடாக்கியதாகத் தொலைபேசியில் சொன்னார். கொத்துரொட்டியைப் பற்றி இம்முறை அவர் கேட்கவேயில்லை.