ரிக்கிங் மாற்றும் செலவு: பணம் கம்பிக்கா, முனைக்கா?

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் நிலைக் கம்பிகளான ஸ்டாண்டிங் ரிக்கிங்கை மாற்ற விலை கேட்டால், எல்லோர் கண்ணும் முதலில் கம்பியின் மீட்டர் விலையில்தான் விழும். பட்டியலில் லேசான வரி அதுதான். 10 மீட்டர் நீளமுள்ள, ஒற்றை ஸ்ப்ரெடர் (கம்பியைப் பாய்மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கை) வைத்த, ஒரே பாய்மரம் கொண்ட ஸ்லூப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் ஃபோர்ஸ்டே 1, பின்பக்கம் பேக்ஸ்டே 1, பக்கவாட்டில் மேல்வரை போகும் கேப் ஷ்ரவுட் 2, ஸ்ப்ரெடர் அடிவரை போகும் லோயர் ஷ்ரவுட் 4. மொத்தம் 8 வடம், ஏறத்தாழ 80 மீட்டர் கம்பி. ஆனால் முனைகள் 16, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிள்கள் 8. அவற்றோடு டாகிள் (வளைந்துகொடுக்கும் இணைப்பு), கிளெவிஸ் பின் (இணைப்பு முளை), கிரேன் வாடகை, ரிக்கர் (இந்த வேலை செய்பவர்) கூலி. முனையை எதைக் கொண்டு பிடிக்கிறோம், யார் பிடிக்கிறார்கள் என்பதில்தான் செலவு ஏறி இறங்குகிறது.

ஸ்வேஜா, மெக்கானிக்கலா?

ஸ்வேஜ் என்பது கம்பியைக் குழாய் போன்ற டெர்மினலுக்குள் (முனைப் பூட்டு) நுழைத்து, உருளை இயந்திரத்தில் நசுக்கிப் பிடிப்பது. டெர்மினல் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் இயந்திரம் பட்டறையில் இருக்கிறது, படகில் இல்லை. அளவு 3 செ.மீ. தவறினாலும் டர்ன்பக்கிளால் சரிக்கட்ட முடிந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் அந்த வடமே வீண். ஒருமுறை நசுக்கிய டெர்மினலை மறுபடி பயன்படுத்த வழியில்லை.

இது பழுதாகும் இடமும் தெரிந்ததுதான்: கீழ் முனை. மழையும் உப்புநீரும் கம்பி வழியே இறங்கி, குழாயின் வாயில் தேங்கும். உள்ளே ஆக்சிஜன் போகாததால் ஸ்டெயின்லெஸ்ஸின் காப்புப் படலம் புதுப்பிக்கப்படாமல் அரிப்பு தொடங்கும். வெளியே முதலில் பழுப்புக் கறை, பிறகு நீளவாக்கில் முடி போன்ற விரிசல். நகத்தால் தடவினால் சில சமயம் தட்டுப்படும், உருப்பெருக்கியில் நன்றாகத் தெரியும். வாழைப்பழம் போல வளைந்த ஸ்வேஜ் இருந்தால், அது பொருத்திய அன்றே குறை.

ஸ்டா-லாக் போன்ற மெக்கானிக்கல் டெர்மினல், ஸ்வேஜைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கும். இரண்டு ஸ்பானர் போதும். 1×19 கம்பியில் (19 இழைகளை முறுக்கியது) வெளி அடுக்கின் 12 இழைகளைப் பிரித்து, நடுவிலுள்ள 7 இழைக் கட்டின் மேல் கூம்பு ஆப்பை ஏற்றி, கட்டின் நுனி ஆப்புக்கு மேல் 1.5 மி.மீ. அளவு நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். 12 இழைகளையும் சம இடைவெளியில் மூடி, ஃபார்மரை (இழை நுனிகளை வளைத்துவிடும் சிறு துண்டு) வைத்து டெர்மினலை முறுக்கவும். பிறகு திறந்து பாருங்கள். இந்த ஒரு படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆப்பில் உள்ள பிளவுக்குள் ஓர் இழை விழுந்திருந்தால் ஆப்பு இறுகாது. சரியாக இருந்தால் சீலன்ட் நிரப்பி, மரையில் லாக்கிங் திரவம் விட்டு மூடலாம். அடுத்த முறை கம்பி மாற்றும்போது ஆப்பு மட்டும் புதிது, உடல் பழையதே. கணக்கு அங்கேதான் திரும்புகிறது.

எங்கள் பரிந்துரை கலப்பு: மேல் முனை ஸ்வேஜ், கீழ் முனை மெக்கானிக்கல். நீர் தேங்காத மேல்பக்கத்துக்கு மலிவானது போதும். கீழ்முனையைப் படகிலேயே அளந்து வெட்டலாம், அளவுப் பிழை பயமில்லை. வெட்டும்போது டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் இருக்கட்டும். புதுக் கம்பி முதல் சில பயணங்களில் கொஞ்சம் நீளும்.

கம்பித் தரத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 304 சற்று வலுவானது, 316 உப்பைத் தாங்கும். கடலுக்கு 316. இழைகளை அழுத்தி நெருக்கிய டைஃபார்ம் வகை, அதே விட்டத்தில் கூடுதல் வலுவும் குறைந்த நீட்சியும் தரும், விலையும் கூடும். இழைகள் இல்லாத ஒற்றைத் தடிக்கம்பியான ராட், பந்தயப் படகுக்கு. முனைத்தலையில் முன்னறிவிப்பின்றி முறியக்கூடியது, தலை வடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

டைனீமா மலிவா?

மேற்படி 80 மீட்டர் 7 மி.மீ. கம்பி சுமார் 19 கிலோ. அதற்கு ஈடான டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு 4 கிலோ அளவில் முடியும். முனைகளை நீங்களே ஸ்ப்ளைஸ் செய்யலாம், அதாவது கயிற்று நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பூட்டலாம்: விட்டத்தைப் போல 72 மடங்கு உள்ளே புதைக்க வேண்டும், 9 மி.மீ. கயிறென்றால் 65 செ.மீ. டர்ன்பக்கிளுக்குப் பதில் லாஷிங் (மெல்லிய கயிற்றைப் பல சுற்று சுற்றிய கட்டு) போட்டால் பெரிய செலவொன்று மிச்சம்.

ஆனால் வலுவைப் பார்த்து விட்டத்தைத் தேர்ந்தால் ஏமாறுவோம். தொடர்ந்த இழுவிசையில் இது நிரந்தரமாக நீளும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. அதனால் தேவையைவிடத் தடிமனாக வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு சிக்கல், அலுமினியப் பாய்மரம் சூட்டில் நீள, டைனீமா சுருங்கும். 15 மீட்டர் உயரத்துக்கு 20 டிகிரி மாறினால் வித்தியாசம் சுமார் 1 செ.மீ. எஃகில் 2 மி.மீ.தான். மதியம் விறைப்பாகவும் விடியலில் தொளதொளவென்றும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் குழாய் சுற்றும் ஃபோர்ஸ்டேயில் உராய்வு அதிகம், அங்கே கம்பியே இருக்கட்டும்.

பாய்மரத்தை இறக்குவதா?

பாயை ஏற்றும் கயிறுகளான ஹால்யார்டுகளால் பாய்மரத்தைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு வடமாக மாற்றினால் கிரேன் செலவு மிஞ்சும். ஆனால் உச்சியிலுள்ள கப்பி, ஸ்ப்ரெடர் அடி, உள்ளே ஓடும் மின்வயர் ஆகியவற்றை மேசைமேல் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். பல காப்பீட்டு நிறுவனங்கள் 10 ஆண்டைக் கெடுவாகக் கேட்கின்றன, அப்போதாவது இறக்குவது நல்லது.

டர்ன்பக்கிளை மரை தேயாமல் சுழன்றால் வைத்துக்கொள்ளலாம். உடலும் மரையும் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கடித்துவிடும், வெண்கல உடல் கொண்டவை அப்படிச் செய்யாது. கிளெவிஸ் பின், அதைக் கழலாமல் பூட்டும் காட்டர் பின் அனைத்தும் புதிதே.

விலைப்பட்டியலில் செயின்பிளேட் (வடங்களைப் படகின் உடலோடு பிடிக்கும் தகடு) பெரும்பாலும் இருக்காது. டெக்கைத் துளைத்துப் போகும் இடத்தில், சீலன்ட் மறைத்த அந்த 3 செ.மீ.யில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும். ஒன்றையாவது முழுதாகக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். அதில் குழி தெரிந்தால் மற்றவையும் கழலவேண்டும், வேலை இரட்டிப்பாகும்.