வயர்லெஸ் டிரெயில் கேமரா வலையமைப்பு: பல பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு

டிரெயில் கேமரா என்பது, விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்க வெளியில் கட்டிவைக்கும் கேமரா. நிலம் பெரிதென்றால் கேமராவுக்கு ஒரு சிம் என்று போட்டுக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. ஒரு மையக் கேமராவில் மட்டும் சிம், மற்றவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி ரேடியோ வழியே அதற்குப் படம் தள்ளும் முறைதான் எங்கள் தேர்வு. ஒரே சிக்கல், மையம் படுத்தால் எல்லாமே படுத்துவிடும். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்: மேடான இடம், நிலையான 4ஜி சிக்னல், 12 வோல்ட் வெளிப் பேட்டரி. சோலார் பேனல் மர நிழலில் இருந்தால் வெறும் அலங்காரம்.

சேனல், கேமரா எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே அமைத்து, மெமரி கார்டை அந்தந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள். பிறகு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். ஆன்டெனாக்கள் எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும்; ஒன்று படுத்திருந்தாலும் சிக்னல் சட்டென்று குறையும். கோடையில் தட்டுத்தடுமாறி இணையும் கேமரா, மழையில் தழை அடர்ந்ததும் அறுந்துபோகும். ஈர இலை ரேடியோ அலையை விழுங்கும். அதனால் காய்ந்த நாளில் சிக்னல் தாராளமாக இருக்கும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரி எங்கே போகிறது? பெரும்பாலும் வெற்றுப் படங்களில். சென்சார் பார்ப்பது நகரும் வெப்ப வேறுபாட்டை. வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலே அதற்குப் போதும். கடைக்கோடிக் கேமரா எடுக்கும் ஒவ்வொரு வெற்றுப் படத்தையும் நடுவிலுள்ளவை சுமந்து அனுப்புவதால், முதலில் தீருவது இடைக் கேமராவின் பேட்டரிதான். லென்ஸுக்கு முன்னால் 3 மீட்டராவது புல்லை வெட்டுங்கள். எழும் சூரியனையும் விழும் சூரியனையும் நேராகப் பார்க்க விடாதீர்கள். தடத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்துக் கட்டினால் விலங்கு படத்துக்குள் முழுதாக விழும். கடும் வெயிலில் தரையின் சூடும் விலங்கின் மேனிச்சூடும் நெருங்கிவிடும். நண்பகலில் படம் தவறினால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்; எட்டு போட்டால் 9.6தான் தேறும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு மங்குவதற்கு அதுவும் காரணம். 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ விலை கூடினாலும் இடைக் கேமராக்களுக்கு அதையே போடுகிறோம். வெவ்வேறு வகை செல்களைக் கலக்கவே கூடாது. இன்ஃப்ராரெட் விளக்கில் 850 நானோமீட்டர் அலைநீள வகை அதிகத் தூரம் எட்டும், ஆனால் மங்கலாகச் சிவந்து தெரியும்; ஆள் நடமாட்டம் உள்ள வரப்போரம் கண்ணுக்குத் தெரியாத 940 நல்லது.

வெளிப் பேட்டரியின் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுச் செருகுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் ஒயர் வழியே நேராகச் செருகிக்குள் இறங்கும். பேட்டரி மாற்றும்போது கதவின் ரப்பரைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையையும் மாற்றுங்கள். எறும்பு குடியேறுவதும் அந்த இடுக்கில்தான்.