ரிலே வெள்ளியை உருக்கக் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

கழித்துப்போடப்பட்ட ரயில்வே சிக்னல் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, பிரித்து, அவற்றின் தொடுமுனைகளில் உள்ள வெள்ளியை மீட்கும் வேலையைச் செய்து வருகிறோம். அவ்வாறு சேர்த்த ஒரு பெரிய தொகுதியை உருக்கிச் சுத்திகரித்துத் தர ஒப்புக்கொண்ட நிறுவனம் ஒன்று, அதில் இருந்த வெள்ளியில் ஏறத்தாழப் பாதியைக் கணக்கில் காட்டாமலே மறைத்துவிட்டது. எல்லாம் முறைப்படி நடப்பதுபோன்ற தோற்றத்தை அவர்கள் ஏற்படுத்திய விதத்தை விளக்கவே இதை எழுதுகிறேன். இதே வழிகளை வேறு இடங்களிலும் கையாளக்கூடும் என்பதால் நிறுவனத்தின் பெயரைவிட அந்த வழிகளை அறிந்துகொள்வதே முக்கியம்.

பழைய சிக்னல் ரிலேயின் தொடுமுனை சாதாரண மின்சாதனத்தின் தொடுமுனையைப் போன்றதல்ல. மின்னல் போன்ற ஒரு மின்பாய்ச்சலில் இரண்டு உலோக முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டால், மின்சாரம் நின்ற பிறகும் ரிலேயின் அசையும் பகுதி கீழே விழாது; சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடும். அந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே பாதுகாப்பு ரிலேக்கள் பலவற்றில் ஒரு முனையைத் தூய வெள்ளியிலும், எதிர்முனையை வெள்ளி ஏற்றப்பட்ட கிராஃபைட்டிலும் அமைத்தார்கள். கிராஃபைட் எதனுடனும் பற்றவைத்ததுபோல ஒட்டாது. ஆகவே நம் கைக்கு வரும் சரக்கில் இரண்டு வகை இருக்கும்: செம்புத் தண்டின் தலையில் வெள்ளி பதித்த ரிவெட்டுகள் ஒன்று, கறுப்பாய்ப் பென்சில் கரிபோலத் தோன்றும் சிறு கட்டைகள் மற்றொன்று. விவரம் அறியாதவர் குப்பையில் எறியக்கூடிய இந்தக் கறுப்புக் கட்டைகளுக்குள்ளும் வெள்ளி இருக்கிறது. ஏமாற்று வேலையின் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது.

முதலில், எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியால் சோதித்துக் காட்டினார்கள். அந்தக் கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் உலோகத்தின் மேற்பரப்பில் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழம் வரை மட்டுமே அதற்குத் தெரியும். சோதித்தவர் ஒவ்வொரு ரிவெட்டையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வெள்ளித் தலை மேசையில் படும்படியும் செம்புத் தண்டு துப்பாக்கியின் வாய்க்கு நேராக இருக்கும்படியும் பிடித்தார். திரையில் செம்பு செம்பு என்றே வந்தது. நிமிர்த்தி வைத்துப் பாருங்கள் என்று கேட்டபோது, எந்தப் பக்கம் பார்த்தாலும் சராசரி ஒன்றுதான் என்று பதில் கிடைத்தது. அது முழுப் பொய்.

அடுத்தது உருக்கும் கட்டம். வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும், ஆனால் கிராஃபைட் அந்த வெப்பத்தில் உருகவே உருகாது. கறுப்புக் கட்டைகளை அப்படியே மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) போட்டால், துளைகளுக்குள் சிக்கிய வெள்ளி முழுவதும் வெளியே வராமல், கட்டை கசடோடு மேலே மிதக்கும். முறையாகச் செய்பவர்கள் முதலில் காற்றோட்டமுள்ள உலையில் கரியை எரித்து நீக்குவார்கள். அல்லது தக்க புகைபோக்கி வசதியுடன் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, உப்பு சேர்த்து வெள்ளி குளோரைடாக வீழ்த்தி, அதிலிருந்து உலோகத்தை மீட்பார்கள். அந்தக் குளோரைடின் எடையில் முக்கால் பங்கு வெள்ளிதான். இவர்களோ மிதந்த கட்டைகளைக் கசடு என்று வழித்தெடுத்து ஒரு தனித் தொட்டியில் போட்டுக்கொண்டு, குறைந்த எடை முழுவதையும் சேதாரம் என்று எழுதினார்கள். உண்மையாகவே பயனற்ற கசடு என்றால் அதை எங்களிடம் திருப்பித் தருவதில் அவர்களுக்கு என்ன தடை இருந்திருக்கும்?

மூன்றாவது தந்திரம் நுட்பமானது. வார்த்த கட்டியின் ஒரு மூலையைச் சுரண்டி எடுத்த துகளையே சோதனைக்கு அனுப்பினார்கள். வெள்ளியும் செம்பும் கலந்த உருகல் உறையும்போது கட்டி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. 71.9 சதவீதம் வெள்ளி கொண்ட கலவை மட்டும் 779 டிகிரியில் ஒரே நேரத்தில் உறையும். மற்ற விகிதங்களில் ஓர் உலோகம் முந்திக்கொள்ள, விளிம்புக்கும் நடுவுக்கும் வெள்ளியின் மாற்று (தூய்மை அளவு) வேறுபடும். நன்றாகக் கலக்கிய உருகலிலிருந்து, அது திரவமாக இருக்கும்போதே எடுக்கும் மாதிரியே நம்பத்தக்கது.

சரக்கை அனுப்பும் முன் அதைக் கலந்து, நான்காகப் பகுத்து, ஒரு பகுதியை எங்களிடம் முத்திரையிட்டு வைத்திருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. அந்த மாதிரியில் இருந்த வெள்ளி முழுவதையும் கரைத்து, பொட்டாசியம் புரோமைடு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவைக் கண்டறியும் டைட்ரேஷன் முறையில் அளந்த ஒரு தனி ஆய்வகத்தின் அறிக்கையில் இருந்த வெள்ளியின் அளவு, இவர்கள் காட்டியதைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அறிக்கையை அனுப்பியபோது, அது வேறு சரக்கின் மாதிரி என்று கூறிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பணத்தைவிட எனக்கு அதிக வேதனை தந்த இன்னொன்றும் உண்டு. அதே சரக்கோடு வந்த எண்ணெய் நிரப்பிய பழைய மின்தேக்கிகளைத் தனியே பத்திரமாக வைக்கும்படி எழுத்தில் கொடுத்திருந்தோம். அவர்கள் அவற்றை உடைத்து எண்ணெயைத் தரையில் ஊற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து மின்தேக்கிகளிலும் மின்மாற்றிகளிலும் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு; அது மண்ணில் எளிதில் சிதையாது, உடலின் கொழுப்பில் தங்கும். இத்தகைய நச்சுப் பொருள்களுக்காக 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கையே அதை ஒழிக்கக் கெடு விதித்திருக்கிறது. அங்கே கையுறைகூட இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்களிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே சரக்கைக் கொடுக்கும் முன், ரிவெட்டுகளையும் கிராஃபைட் கட்டைகளையும் தனித்தனியே எடைபோட்டு இரண்டு ரசீதுகளாக வாங்குங்கள். உருகலிலிருந்து உங்கள் கண் முன்னே எடுத்த மாதிரியை மூன்று பொட்டலங்களாக்கி இருவரும் கையெழுத்திட்டு முத்திரையிடுங்கள்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது கருத்து வேறுபாடு எழுந்தால் இருவருக்கும் பொதுவான ஆய்வகத்துக்கு. கசடும் மூசையில் ஒட்டிய மிச்சமும் சரக்குக் கொடுத்தவருக்கே சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுத மறுத்தால், சரக்கை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.